முன்வரிசை நாற்காலி

அசையக்கூடாதாம். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, கனவான்கள் தயவுபண்ணி அசையாமல் இருக்க வேண்டும் என்று அந்தப் போட்டோக்கார நாயுடு மறுபடியும் சொல்லிவிட்டுப் போகிறான். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாகச் சட்டசபையில் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்குத்தானே எங்களுக்கெல்லாம் படியும் முதல் வகுப்பு ரயில் டிக்கெட்டும் கொடுத்தார்கள். இன்றோடு இந்தச் சபையின் ஆயுள் முடிகிறது. அதற்காகத்தான் இந்தப் புல்தரை, இந்த வாகைமர நிழல், இந்தக் குரூப் போட்டோ. நடுவில் கவர்னர் துரை, வெயிலில் வெந்து சிவந்த கழுத்தோடு, எப்போது டீ குடிக்கப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் மந்திரிகள், மந்திரிகளுக்கு இரண்டு பக்கமும் மந்திரியாக வேண்டும் என்று நாக்கைத் தொங்கப்போட்டவர்கள், அப்புறம் ராவ் பகதூர்கள், அப்புறம் நாங்கள். பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பட்டமில்லாத கும்பலில் எவனோ என் கழுத்தில் மூச்சு விடுகிறான். மத்தியானம் மீன் சாப்பிட்டிருக்கிறான். என் இடது பக்கத்தில் ஒரு கிழட்டு ஜமீன்தார், ராவ் பகதூர் வரிசையின் கடைசி ஆள், தலைப்பாகையோடு தூங்குகிறார். சபையிலும் அவர் இப்படித்தான். வோட்டு எடுக்கிறபோது மட்டும் யாராவது தட்டி எழுப்புவார்கள், எழுப்பினவன் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு அவர் வோட்டு. அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. வலது பக்கம்தான். வலது பக்கத்து நாற்காலியைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் இத்தனை நேரம் நாயுடுவையும் துரையையும் மீனையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்குள் எல்லாரும் அடங்கவில்லை, இன்னும் நெருங்குங்கள், இன்னும் நெருங்குங்கள் என்று நாயுடு நாற்காலிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டுவிட்டான். என் வலது தோளும் எத்திராசனின் இடது தோளும் உரசிக்கொண்டிருக்கின்றன. கோட்டு, கோட்டுக்கு உள்ளே சட்டை, சட்டைக்கு உள்ளே பனியன், அத்தனையும் தாண்டி அந்தத் தோளின் சூடு எனக்குத் தெரிகிறது.

எத்திராசன் என்றால் ஆதி திராவிடர்களுக்காகச் சர்க்கார் நியமித்த அங்கத்தினர். துறைமுகத்தில் கரி கான்டிராக்ட். அப்பன் ரங்கூனில் சம்பாதித்துக்கொண்டு வந்தானாம், இவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தானாம், இங்கிலீஷ் பேசினால் மந்திரிகளே வாயைப் பார்க்கிறார்கள். என்னைவிட நல்ல கோட்டு. லாவெண்டர் வாசனை வேறு. இந்த மூன்று வருஷத்தில் அவனோடு நான் பேச நேர்ந்தபோதெல்லாம் நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல் சமாளித்துவிட்டேன். 'ஊருக்குப் போயாச்சா', 'உடம்பு தேவலையா' என்று கேட்டால் போதும், யாரிடம் கேட்டோம் என்பது காற்றோடு போய்விடும். அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை. ஆனால் நாற்காலியை எப்படிச் சமாளிப்பது? இதிலே வயிறு எரிகிற விஷயம், இந்த நாற்காலியை இங்கே கொண்டுவந்து போட்டதே நான்தான். போன சபையின் முடிவில் எடுத்த படத்தில் என்னை மூன்றாவது வரிசையில் நிறுத்தி, முன்னால் ஒரு ஆறடி ஆளையும் நிறுத்திவிட்டார்கள். படத்தில் என் வலது காது மட்டும் விழுந்திருக்கிறது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் விரலை வைத்துக் காட்டினேன். என் சம்சாரம் லோகாம்பாள் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "காது உங்களோடதுதான், சந்தேகமேயில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வார்த்தை மூன்று வருஷம் என்னை அறுத்தது. போன வருஷம் சக்கரவர்த்தி பிறந்தநாள் பட்டியலில் எனக்கு ராவ் சாகிப் பட்டம் வந்ததும் முதல் காரியமாகச் செக்ரட்டரிக்கு ஒரு மனு எழுதினேன். படம் எடுக்கிறபோது பட்டம் பெற்றவர்களுக்கே முன்வரிசையில் நாற்காலி, அதிலும் பட்டம் வந்த வரிசைப்படி, மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும், இதில் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றம் கூடாது. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் நானே வற்புறுத்தினேன். மனுவை ஒப்புக்கொண்டார்கள். ஆறு வருஷத்தில் என் பேரில் இந்தச் சபையில் நிறைவேறிய ஒரே காரியம் அதுதான். அதே பட்டியலில் இன்னொரு சட்டசபைக்காரனுக்கும் ராவ் சாகிப் கொடுத்திருந்தார்கள். எனக்கு அடுத்த பெயர். நான் என் பெயரைப் படித்ததோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். யார்தான் அடுத்த பெயரைப் படிக்கிறார்கள்? இன்று காலை நாற்காலிகளில் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து ஓடிப்போய்ச் செக்ரட்டரி சேஷகிரி ஐயரைப் பிடித்தேன். "தாங்கள் எழுதிக் கொடுத்த ஒழுங்குப்படிதானே போட்டிருக்கேன், ராவ் சாகிப். மாற்றம் கூடாதுன்னு தாங்களே எழுதியிருக்கேளே" என்றார். சிரிக்கவில்லை. அந்த மாதிரி ஆட்கள் சிரிக்காமல் சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

எழுந்து போய்விடலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். எழுந்தால் துரை திரும்பிப் பார்ப்பார், எங்கள் கட்சித் தலைவரும் திரும்பிப் பார்ப்பார். அடுத்த தேர்தலில் எங்கள் ஜில்லாவுக்கு யாரை நிறுத்துவது என்று அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கீழ்ச்சாதி மேல்சாதி பேதம் இல்லாத கட்சி என்று ஊருக்கு ஊர் மேடை போட்டுக் கத்துகிற மனுஷர் அவர், வீட்டில் சாதி பார்த்து இரண்டு பானைத் தண்ணீர் வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம், அவர் முன்னால் நான் எத்திராசன் பக்கத்திலிருந்து எழுந்து ஓடினால் என் சீட்டு அங்கேயே கிழிந்துபோகும். சரி, உட்கார்ந்தே இருந்தால்? இந்த நாயுடு கேட்டவனுக்கெல்லாம் பிரதி போட்டு விற்பான். முதல் பிரதியை வாங்கப்போகிறவன் என் பங்காளி குஞ்சிதபாதம். தேர்தலில் எனக்கு எதிராக நிற்கப்போகிறவன். பாட்டன் சொத்தில் ஆரம்பித்த வழக்கு, நானும் அவனும் இன்னும் ஒரே வாய்க்காலுக்கு அடித்துக்கொள்கிறோம். எங்கள் ஜில்லாவில் வோட்டு உள்ளவர்கள் யார்? தீர்வை கட்டுகிற மிராசுதார்கள். நூறு வேலி நிலம் வைத்திருப்பவனிலிருந்து ஒன்றரை வேலி வைத்துக்கொண்டு நூறு வேலிக்காரன் மாதிரிக் கனைக்கிறவன் வரைக்கும். அவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் வண்டியை நிறுத்தி, வெற்றிலைத் தட்டில் இந்தப் படத்தை வைத்து நீட்டுவான் குஞ்சிதபாதம். ஒரு வார்த்தை பேச மாட்டான். விரலை மட்டும் வைத்துக் காட்டுவான், நான் என் காதைக் காட்டினேனே அப்படி. அதோடு முடிந்தது. அப்புறம் நான் யார்? சட்டசபை போனால் நான் என்ன, கீழநல்லூரில் பாக்கு மென்று துப்புகிற இன்னொரு முதலியார். கனம் கனகசபாபதி முதலியார் அவர்கள் என்று கூப்பிட ஒரு நாய் கிடையாது. நான் ஒன்றும் அசட்டு மனுஷனில்லை, எனக்கு என்னைத் தெரியும். இங்கிலீஷ் பாதி புரியாது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கை தூக்குவேன், துடைத்தால் தூக்க மாட்டேன், அவ்வளவுதான் என் ராஜீய ஞானம். ஒரே ஒரு பிரசங்கம் செய்தேன், எங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி, வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படித்தேன். நடுவில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட்டது. பாலம் வேண்டும் என்று ஆரம்பித்து, வீண் செலவு என்று முடித்துவிட்டேன். மறுநாள் ஒரு பத்திரிகை என்னைச் சுயேச்சையான சிந்தனையாளர் என்று எழுதிற்று. இப்படிப்பட்ட ஊரில் நான் சட்டசபை அங்கத்தினராக இருப்பதில் என்ன தப்பு? பொதுக் கிணறு, குளம், ரஸ்தா எல்லாவற்றையும் எல்லாச் சாதிக்கும் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் வந்தபோதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், நான் தூக்கினேன். ஊரில் கேட்டவர்களிடம், அந்த நேரம் மோர் குடிக்க வெளியே போயிருந்தேன் என்றேன். சர்க்கார் உத்தரவு தாலுகா போர்டுக்கு வந்தது, போர்டுக்குப் பிரசிடெண்டும் நான்தான். உத்தரவை நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொன்னேன், குளத்தின் சேரிப் பக்கத்துப் படித்துறையில் கருவேல முள்ளை வெட்டிப் போடச் சொன்னேன். மாடு இறங்கிக் கலக்குகிறது என்று காரணம் எழுதினேன். கை தூக்கியது பட்டணத்தில், முள் வெட்டியது ஊரில், இரண்டும் அதனதன் இடத்தில் சரி. உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி? ஒரே ஒரு நாற்காலியில் பட்டணமும் ஊரும் சேர்ந்து வந்து உட்காரும் என்று யார் கண்டது.

நாயுடு காமிராவின் முதுகில் கண்ணாடிப் பிளேட்டைச் செருகுகிறான். பின்வரிசையில் எவனுக்கோ தும்மல். துரை கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு வழி தோன்றிவிட்டது. எழுந்திருக்கவும் வேண்டாம், ஒத்துப்போகவும் வேண்டாம். நாயுடு காமிரா மூடியைக் கழற்றுகிற நேரத்தில் மட்டும் உடம்பை இடது பக்கம் சாய்த்து, முகத்தை ஜமீன்தார் பக்கம் திருப்பி, அவரோடு ஏதோ முக்கியமான விஷயம் பேசுகிற மாதிரி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. படத்தில் எனக்கும் எத்திராசனுக்கும் நடுவில் நாலு விரற்கடை வெளிச்சம் விழும். பார்க்கிறவன் என்ன சொல்வான்? முதலியார் ஜமீன்தாரோடு உட்கார்ந்திருக்கிறார், வலது பக்கம் எவனோ. குஞ்சிதபாதம் விரலை வைத்தால் அந்த நாலு விரற்கடையில்தான் வைக்க வேண்டும். ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் சாய்ந்தேன். ஜமீன்தார் தூக்கத்தில் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டார். கிழத்தின் அத்தர் நாற்றமும் எச்சிலும். ஆனாலும் பரவாயில்லை, ஜமீன் எச்சில். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். "முதலியார்வாள்" என்றது வலது பக்கம். காமிராவைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ரொம்ப அந்தப் பக்கம் சாயறீங்க. ஜமீன்தார் மடியிலேயே உக்காந்துடுவீங்க போல." "வெயில் கண்ணுல அடிக்கிறது" என்றேன். "மரத்தடியில உக்காந்திருக்கோம். வெயில் எங்க இருக்குது?" இவனுக்கெல்லாம் எதற்குப் பதில். "நீங்க சங்கடப்படுறது தெரியுதுங்க" என்றான். "எனக்கும் சங்கடந்தான்." இருக்காதா பின்னே. என்ன இருந்தாலும் தன் இடம் தனக்குத் தெரியும் போலிருக்கிறது, அவ்வளவு மோசமான ஆளில்லை. பெரிய மனுஷன் பக்கத்தில் சரிசமமாக உட்கார உடம்பு கூசத்தானே செய்யும், நானும் முதல் தடவை கவர்னர் விருந்துக்குப் போனபோது நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தைரியம் சொல்லலாம் என்று தோன்றிற்று. "சங்கடமெல்லாம் எதுக்கு, சர்க்கார் கொடுத்த இடந்தானே" என்றேன், நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல். "அதில்லீங்க" என்றான் எத்திராசன். "எங்க சங்கத்து ஹால்ல இந்தப் படத்தை மாட்டணும்னு பசங்க சொல்லிட்டாங்க. மாட்டினா, பக்கத்துல யாருன்னு கேப்பாங்க. கீழநல்லூர்க் குளத்துல முள்ளு வெட்டிப் போட்டவருன்னு நான்தான் சொல்லணும். அவரோட ஒட்டி உக்காந்து படம் எடுத்துக்கினியான்னு என் மூஞ்சியில துப்புவாங்க. நேத்தே செக்ரட்டரியாண்ட போயி வேற நாற்காலி குடுங்கன்னு கேட்டேன். முதலியார் எழுதிக் குடுத்த ரூலு, மாத்த முடியாதுன்னுட்டாரு."

என்னது. இவன் கேட்டானா? என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று இவன் போய்க் கேட்டானா? எனக்கு முந்தி, நேற்றே? காது கொதித்தது. துரை உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஓங்கிப் பேச முடியாது. "முள்ளு போட்டது மாட்டுக்காக" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "போகாத ஊரைப் பத்திப் பேசப்படாது." "போகாம பேசறேனா? போன சித்திரையில வந்து பாத்தேன். படியில முழங்கால் உயரத்துக்குக் கெடந்துச்சு. நீங்க கும்மோணம் போயிருந்தீங்க." கும்பகோணம் போயிருந்தது உண்மைதான். திரும்பி வந்தபோது கணக்குப்பிள்ளை, யாரோ சுகாதார ஆபீசர் மோட்டாரில் வந்து குளத்தைப் பார்த்துவிட்டுப் போனார், கறுப்பாக இருந்தாலும் துரை மாதிரி டிரஸ், துரை மாதிரி இங்கிலீஷ், உபசாரத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று சொன்னான். நல்ல வேலை செய்தாய் என்று அவனைத் தட்டிக்கொடுத்தேனே. நாயுடு முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினான். "ரெடிங்க, எல்லாரும் இங்க பாருங்க, மூச்சு கூட விடப்படாது" என்றான். இடது பக்கம், இடது பக்கம் திரும்ப வேண்டும், ஜமீன்தார் பக்கம், முக்கியமான விஷயம் பேசுகிற மாதிரி. கழுத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டேன். "உங்க கூடத்து ஊஞ்சல்ல உக்கார வெச்சு எளநி குடுத்தாங்க" என்று வலது பக்கம் அதே அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. "நான் யாருன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அம்மாவே உள்ளேர்ந்து வெள்ளித் தம்ளரை அனுப்பிட்டாங்க. பூக்கொடி போட்ட தம்ளரு. ரொம்ப மரியாதையான வீடுங்க உங்க வீடு." பூக்கொடி போட்டதா? வீட்டில் பூக்கொடி போட்ட தம்ளர் ஒன்றுதான் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு மாமனார் செய்து போட்டது. காலையில் காபி, மத்தியானம் மோர், ராத்திரி பால், சித்திரையிலிருந்து இன்று வரைக்கும், ஊரில் இருந்த நாளெல்லாம், அதிலேதான், இந்த வாயால்தான். மாமனார் தம்ளரா அது, வேறு தம்ளரா, லோகாம்பாள் கடைசிப் பெண்ணின் சீருக்கு இன்னொன்று வாங்கினாளே, அதில் கொடியா மாங்காயா, கொடிதானா, எந்தத் தம்ளர்? எந்தத் தம்ளர் என்று கேட்கத்தான் திரும்பினேன். முழுசாக, உடம்போடு, வலது பக்கம், அவன் முகத்துக்கு நேரே. கேள்வி வாயில் வந்து நின்றது. எத்திராசன் அசையவில்லை, காமிராவைப் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். நாயுடுவின் கை மூடியைக் கழற்றி, காற்றில் அப்படியே நின்று, மறுபடி மூடிவிட்டது. "ஆச்சுங்க" என்றான். துரை எழுந்துவிட்டார், அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள், பெஞ்சிலிருந்து தடதடவென்று இறங்கினார்கள். "நாயுடு, இன்னொண்ணு எடு" என்றேன். "பிளேட்டு இல்லீங்களே, முதலியார்வாள். நல்லா வந்திருக்கும், கவலைப்படாதீங்க" என்று அவன் காமிராவின் காலை மடக்க ஆரம்பித்தான். எத்திராசன் எனக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு டீ மேஜைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். பரவாயில்லை. சொல்லிக்கொள்ளலாம். அவனை அதட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். பார்த்தீர்களா, சபை நடுவிலேயே, துரை முன்னாலேயே, திரும்பி வைத்து வாங்கினேன், படத்திலேயே இருக்கிறது பாருங்கள் என்று மிராசுதார்களிடம் நானே விரலை வைத்துக் காட்டலாம், குஞ்சிதபாதத்துக்கு முந்தி. வாய் திறந்திருக்கிறது, அதற்குச் சரியாக இருக்கும். புருவம்? புருவம் மேலே ஏறியிருந்தது, எனக்கே தெரிந்தது. கழுத்து அவன் பக்கம் நீண்டிருந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், நான் அவனிடம் என்னவோ கெஞ்சிக் கேட்கிறேன், மடியில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு. அதட்டுகிறவன் யாராவது அப்படிக் கையை வைத்திருப்பானா?